மோட்டார் வாங்குமுன் கணக்குப் போடுவோம்

சி.என்.சி. இயந்திரத்தைச் சொந்தமாக உருவாக்க விரும்புவோர் முதலில் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: “எந்த மோட்டார் வலுவானது?” “என் இயந்திரத்திற்கு எந்த வேகத்தில் எவ்வளவு விசை தேவை?” என்றே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் வினாவுக்கு விடை கடையில் கிடைத்துவிடும். இரண்டாவதற்குத் தாளும் எழுதுகோலும் வேண்டும்.

ஸ்டெப்பர் மோட்டார்கள் நேமா 17, நேமா 23 என்னும் எண்களால் அழைக்கப்படுகின்றன. இவ்வெண்கள் முகப்பின் அளவையே குறிக்கின்றன, வலிமையை அன்று. நேமா 17இன் முகப்பு ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். நேமா 23இன் முகப்பு ஏறத்தாழ 57 மில்லிமீட்டர். விளம்பரத்தில் பெரிதாகக் காணப்படும் முறுக்குவிசையோ, மோட்டார் சுழலாமல் நிற்கும்போது தாங்கும் விசையாகும். நிற்கும் எருதின் திமிலைப் பார்த்து, ஓடும்போதும் அதே பாரத்தை இழுக்கும் என நம்பலாமா?

மோட்டார் ஒவ்வோர் அடி நகரும்போதும் அதன் சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்க வேண்டும். இண்டக்டன்ஸ் எனப்படும் மின்தூண்டம் அந்த ஏற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. வேகம் கூடும்போது மின்னோட்டம் முழு அளவை எட்டுமுன்பே அடுத்த அடி வந்துவிடுவதால் முறுக்குவிசை சரிகிறது. இதனை வெல்வது மின்னழுத்தமே. பெரிய மோட்டார்களில் மின்தூண்டமும் பெரும்பாலும் மிகுதி. எனவே, 24 வோல்ட்டில் ஓடும் பெரிய மோட்டார், 36 வோல்ட்டில் ஓடும் சிறிய மோட்டாரிடம் வேகத்தில் தோற்பது வியப்பன்று. மில்லிஹென்றியில் அளந்த மின்தூண்டத்தின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் மின்னழுத்தத்தின் மேல்வரம்பு கிட்டும் என்பது தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. 2.25 மில்லிஹென்றி எனில் 48 வோல்ட்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்குரூ. வேண்டிய வேகம் நிமிடத்திற்கு 2000 மில்லிமீட்டர். வகுத்தால் நிமிடத்திற்கு 400 சுற்று. தயாரிப்பாளர் தரும் வேக வரைபடத்தில் அந்த 400 சுற்றில் எஞ்சும் முறுக்குவிசையைத்தான் நோக்க வேண்டும். அது அரை நியூட்டன் மீட்டர் என்றும், ஸ்குரூவின் திறன் 90 விழுக்காடு என்றும் கொண்டால், ஏறத்தாழ 565 நியூட்டன் தள்ளுவிசை கிடைக்கும். மரமும் நெகிழியும் செதுக்கும் சிறு இயந்திரத்திற்கு இது தாராளம். 1.2 நியூட்டன் மீட்டர் அளவுள்ள நேமா 23 இதற்குப் போதும்.

மிச்சமாகும் பணத்தை டிரைவருக்கும் மின்வழங்கிக்கும் செலவிடலாம். ஏ4988 போன்ற சிறு டிரைவர், குளிர்விப்பு இன்றி ஏறத்தாழ 1 ஆம்பியர்தான் தாங்கும். 2.8 ஆம்பியர் வேண்டும் மோட்டாரை அதனுடன் இணைப்பது வீண். 50 வோல்ட்டும் 4.2 ஆம்பியரும் தாங்கும் டிஎம்542 வகையே அதற்கு ஏற்றது.

ஓர் அடியை 32 நுண்ணடிகளாகப் பிரித்தால் துல்லியம் 32 மடங்காகும் என்பதும் மயக்கமே. ஓட்டம் மென்மையாகும், துல்லியம் அந்த அளவுக்கு உயராது. மாறாக, 200 அடி மோட்டாரில் 32 பங்கு வைத்தால், மேற்கண்ட வேகத்திற்கு நொடிக்கு 42,000க்கும் மேற்பட்ட துடிப்புகள் தேவை. ஆர்டுவினோ ஊனோவில் இயங்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளின் எல்லையோ ஏறத்தாழ 30,000. எட்டுப் பங்கு வைத்தால் 11,000க்குள் அடங்கிவிடும்.

“பெரிதாக வாங்கிவிட்டால் கவலை இல்லையே” என்பர் சிலர். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் அடி தவறினால் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது தெரியாது. தவறிய இடத்திலிருந்தே தொடர்ந்து செதுக்கும். பலகை பாழாகும். தேவையைப்போல் இரு மடங்கு விசை வைத்துக்கொள்வது முன்யோசனை. கணக்கே இல்லாமல் பெரிதை வாங்குவதோ குருட்டு நம்பிக்கை.

பாதுகாப்பையும் மறவாதீர். மின்சாரம் பாயும்போது மோட்டாரின் இணைப்பைக் கழற்றினால் டிரைவர் பழுதாகக்கூடும். வீட்டு மின்சாரத்தைத் தொடும் பகுதியைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விடுக.

சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டும் நிதி எளிதில் வருவதன்று. அதனைக் கொண்டு இயந்திரம் செய்ய முனைவோர், கடைக்குப் போகுமுன் மாணவர்களைக் கரும்பலகை முன் நிறுத்துக. இங்கே தேவைப்பட்ட கணிதத்தில் பெரும்பகுதி, ஆறாம் ஆண்டு மாணவன் அறிந்த பெருக்கலும் வகுத்தலுமே. தான் போட்ட கணக்கின்படி ஓர் இயந்திரம் நகர்வதைக் காணும் பிள்ளைக்கு, “கணிதம் எதற்கு?” என்ற ஐயம் மீண்டும் எழாது.