போன் லாக்கரில் இருக்கும் நேரம்

கைப்பேசியிலேயே ஆங்கிலம் படித்துவிடலாம் என்று சொல்லாத விளம்பரம் இப்போது இல்லை. செயலி, யூடியூப் பாடம், வாட்ஸ்ஆப் வகுப்பு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு என்று வழிகளுக்குக் குறைவில்லை. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்த பிறகு செலவும் பெரிய தடையில்லை. ஆனால் ஓசூர் சிப்காட்டிலோ குருபரப்பள்ளியிலோ வேலைக்குச் சேரும் ஐடிஐ, டிப்ளமோ இளைஞருக்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படும் நேரம் எது என்று பார்த்தால், பெரும்பாலும் அது அவர் கையில் போன் இல்லாத நேரம். மின்னணுப் பாகங்கள் செய்யும் பல ஆலைகளில் கேமரா உள்ள போனை உற்பத்திக் கூடத்துக்குள் விடுவதில்லை. வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் லாக்கரில் பூட்டச் சொல்வார்கள். தணிக்கைக்கு வந்த வாடிக்கையாளர் நிறுவனத்துக்காரர் மெஷின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கும்போது மொழிபெயர்ப்புச் செயலி துணைக்கு வராது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கோளாறைப் பதிவேட்டில் எழுதும்போதும் வராது. மண்டைக்குள் இருக்கிற ஆங்கிலம்தான் வரும். அதை மண்டைக்குள் ஏற்றுவதற்குப் போனை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி. ஆசிரியரின் நாற்காலியில் போனை உட்காரவைப்பது வீண் வேலை. ஒரே மாதிரி வேலை செய்கிற சிலரை ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில் பேசவைக்கும் கம்பியாகத்தான் அது பயன்படும் என்பது என் கட்சி.

முதல் மறுப்பு உடனே வரும்: லைனில் வேலை செய்பவருக்கு ஆங்கிலம் எதற்கு? நியாயமான கேள்விதான். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980களில் வளர்ந்த ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமுமே உற்பத்திக் கூடத்தின் பேச்சு. இப்போது கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று ஆலைகள் பரவியபின் இந்தியும் சேர்ந்துகொண்டது. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர் அருகே ஐபோன் ஆலை வேலைக்குப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று 2022 நவம்பரில் அன்றைய மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவே சொன்னார். லைனில் பக்கத்துப் பெண்ணோடு பேச ஆங்கிலம் தேவையில்லை, அரைகுறை இந்தியும் சைகையும் போதும். ஆனால் காகிதம் ஆங்கிலத்தில்தான் நகர்கிறது. வரைபடம், கம்ப்யூட்டர் திரை, வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல், தரக்குறைவு அறிக்கை எல்லாம் ஆங்கிலம். ஆபரேட்டராகச் சேர்ந்தவர் லைன் லீடராக, சூப்பர்வைசராக, தரப் பிரிவுக்கு என ஏறும் படியில் கேட்கப்படுவது கைத்திறன் மட்டுமல்ல. கைத்திறன் இருந்தும் அந்தப் படியில் நின்றுவிடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. (ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பு அறிவிப்பும் சம்பளச் சீட்டும் ஒப்பந்தமும் தொழிலாளியின் மொழியில்தான் இருக்க வேண்டும். ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறோம் என்பது அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கச் சாக்கு ஆகக் கூடாது.)

படிப்பில் ஆங்கிலம் இல்லாமல் இவர்கள் வரவில்லை. பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பாடமாகப் படித்தவர்கள். இந்தியக் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் எடுக்கப்பட்ட 2023ஆம் ஆண்டின் ஏசர் (ASER) கல்வி ஆய்வில், ஆங்கில வாக்கியத்தைப் படிக்க முடிந்தவர்கள் சுமார் 57 சதவீதம். அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரால் பொருளும் சொல்ல முடிந்தது. ஆக, எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் உள்ளே கிடக்கின்றன. பேச்சுதான் இல்லை. இன்னும் நூறு இலக்கண வீடியோ பார்ப்பதால் அந்தக் குறை தீராது. கனடாவில் ஆண்டுக்கணக்காகப் பாடங்களைப் பிரெஞ்சில் கேட்டு வளர்ந்த ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் காட்டியது இதைத்தான். கேட்பதிலும் படிப்பதிலும் அவர்கள் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள், பேசுவதிலும் எழுதுவதிலும் வரவில்லை. தாமே வாக்கியம் கட்டிப் பேசும் கட்டாயம் அவர்களுக்குப் போதுமான அளவு வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். செயலிகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் கேட்கவும் தேர்ந்தெடுக்கவும் சொல்கின்றன. நாலு விடையில் சரியானதைத் தொடுவது பேச்சுப் பழக்கம் ஆகாது.

அதற்கு மேல், தனியாகப் படிப்பவர் தொடர்ந்து படிப்பதில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. உலகின் பெரிய பெயர்கள், இலவசப் பாடம், தாமாக விரும்பி வந்தவர்கள், அப்படியும் நூற்றுக்கு மூன்று பேர். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் பெண், இரவில் செயலியைத் திறந்து ஆறு மாதம் விடாமல் படிப்பார் என்று எதிர்பார்ப்பதை என்னவென்று சொல்வது? பாடத்தை எட்டச் செய்வது கடினமே அல்ல. வங்கதேசத்தில் 2009 நவம்பரில் பிபிசி ஜனாலா தொடங்கியபோது ஸ்மார்ட்போன்கூடப் பரவவில்லை. சாதாரண போனில் 3000 என்ற எண்ணை அழைத்தால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் கேட்கும். தொலைபேசி நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொடுத்தன. லட்சக்கணக்கான அழைப்புகள் குவிந்தன. ஆசை எவ்வளவு பெரியது என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது. எத்தனை பேர் பேசக் கற்றார்கள் என்பது வேறு கணக்கு. ஜனாலாவும் ஓர் அங்கமாக இருந்த ‘இங்கிலீஷ் இன் ஆக்‌ஷன்’ திட்டத்தின் இன்னொரு பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளி ஆசிரியர்களுக்குப் போன் கொடுத்து, நல்ல வகுப்பு எப்படி நடக்கிறது என்ற வீடியோக்களை மெமரி கார்டில் ஏற்றிக்கொடுத்தார்கள். கையோடு, அந்த ஆசிரியர்கள் கூடிப் பேசும் குழுக்களையும் அமைத்தார்கள். போன் அங்கே மனிதர்களுக்கு நடுவில் இருந்தது, மனிதர்களுக்குப் பதிலாக இல்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று உண்டு. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். ஆங்கிலம் கற்பிப்பவர்கள் உலகெங்கும் ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று அறிந்திருக்கும் சோதனையை 1979 முதல் 1984 வரை நடத்தியவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சாதாரணப் பள்ளிகளில், இலக்கண வரிசையைத் தூக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்பது மாதிரி. விடை கண்டுபிடிக்கும் மும்முரத்தில் மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. பிற்பாடு நடந்த மதிப்பீடும் எச்சரிக்கையோடு அதை ஆதரித்தது. இன்றைக்கு உலகம் முழுதும் பேசப்படும் செயல்வழி மொழிக்கல்விக்கு முன்னோடிகளில் ஒன்று இது. ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லவும் வேண்டியதில்லை. பாகலூர், பேரிகை, தளி பக்கத்துச் சந்தையில் காய்கறி விற்பவர் மூன்று மொழியில் பேரம் பேசுவார். எந்த வகுப்பிலும் அதைப் படித்தவர் அல்ல. சரக்கு விற்க வேண்டியிருந்தது, மொழி வந்தது.

ஆலைக்குள் வேலைகளுக்கா பஞ்சம்? அங்கே நடக்கிற காரியங்களே பாடத்திட்டம் ஆகலாம். ஆறேழு பேர் கொண்ட வாட்ஸ்ஆப் குழு, எல்லோரும் ஒரே தொழில் பிரிவு, ஆனால் ஒரே லைனில் இருக்க வேண்டியதில்லை. எல்லோர் கையிலும் நான்கு குறைபாடுள்ள பாகங்களின் படங்கள் இருக்கும் (ஆலையின் ரகசியப் படங்கள் அல்ல, பயிற்சிக்காக வரைந்தவை). ஒருவர் அதில் ஒன்றை மட்டும் அரை நிமிடக் குரல் பதிவில் விவரிப்பார். கேட்பவர்கள் எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். புரியவில்லையென்றால் திருப்பிக் கேட்க வேண்டும். அடுத்த வாரம் ஷிப்ட் ஒப்படைப்பு: எந்த மெஷின் நின்றது, எப்போது, என்ன செய்தோம், வருகிறவர் எதைக் கவனிக்க வேண்டும். அதற்கடுத்து, தணிக்கைக்காரரின் கேள்விக்குப் பதில். குரல் பதிவில் ஒரு பெரிய வசதி, அனுப்புவதற்கு முன் நாலு தடவை அழித்துவிட்டுப் பேசலாம். நேருக்கு நேர் அந்தச் சலுகை கிடையாது. ராயக்கோட்டையிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தப் பயண நேரமே போதும். போன் லாக்கருக்குள் போகும் முன்பே பேச்சு ஒருமுறை ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கும்.

பிரபுவை மேற்கோள் காட்டுகிறாயே, அவரே மாணவர்களை மாணவர்களோடு பேசவிட்டுக் கற்பிப்பதை விரும்பவில்லையே என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்கலாம். உண்மைதான். பிழையான ஆங்கிலம் பிழையான ஆங்கிலத்தோடு பேசினால் பிழை கெட்டிப்படும் என்று அவர் அஞ்சினார். அதனால் இந்தக் குழுக்களுக்கு ஒரு காது வேண்டும். வாரம் ஒருமுறை பதிவுகளைக் கேட்டு, இரண்டு மூன்று இடத்தை மட்டும் தன் குரலில் சரியாகச் சொல்லி அனுப்பும் ஒரு மனிதர். ஓசூர் அரசு ஐடிஐ, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, மாவட்டத்தின் கலைக் கல்லூரிகள் இவற்றின் ஆங்கில ஆசிரியர்களுக்குச் செய்யத் தெரியாத வேலையல்ல. அதற்குத் தனி மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லித் தலையில் கட்டினால் இரண்டாம் மாதமே படுத்துவிடும்.

அந்தக் காதாகச் செயற்கை நுண்ணறிவையே வைத்துவிடலாமே என்பது இன்றைக்கு வலுவான எதிர்வாதம். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கேலிக்குப் பயந்தே வாய் திறக்காதவர்கள் ஏராளம். சிரிக்காத, சலிக்காத, நடு இரவிலும் பதில் சொல்லும் ஒரு துணை அவர்களுக்குப் பெரிய உதவி. முதல் கூச்சத்தை உடைக்க அது நல்லது. ஆனால் அதன் நல்ல குணமே கெட்ட குணமும் கூட. எவ்வளவு உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் அது ஊகித்துப் புரிந்துகொள்கிறது. தணிக்கைக்கு வந்த கொரியாக்காரரோ தைவான்காரரோ அப்படி ஊகிக்க மாட்டார். அவருக்கும் ஆங்கிலம் இரவல்தான். நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று இன்னொரு மனிதர் முகம் சுளிக்கும்போதுதான் வாக்கியத்தைத் திருப்பிக் கட்டும் கட்டாயம் பிறக்கிறது. ஆகவே எந்திரத்தோடு ஒத்திகை, மனிதரோடு பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்கள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. அதே ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக ஸ்மார்ட்போன் வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். சம்பளம் வந்து சொந்தமாகப் போன் வாங்கிய பிறகும் சிக்கல் ஓயாது. ஆண்களும் இருக்கும் குழுவில் ஒரு பெண்ணின் எண்ணும் குரலும் எங்கே போய்ச் சேரும் என்ற பயம் வீண் பயம் அல்ல. பெண்களுக்குத் தனிக் குழு, எண் வெளியே தெரியாத ஏற்பாடு, மேலதிகாரிகள் யாரும் குழுவில் இல்லாமை ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது. குறிப்பாகக் கடைசி விதி ஆண்களுக்கும் பொருந்தும். சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருக்கும் குழுவில் யாரும் தப்பாகப் பேசத் துணிய மாட்டார்கள். தப்பாகப் பேசாமல் யாரும் பேசக் கற்றதில்லை.

நேரமும் காசும் யார் தலையில்? சொந்த நேரத்தில் படித்துக்கொள் என்பது தொழிலாளியின் தூக்கத்திலிருந்து எடுக்கும் கடன். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஷிப்ட்டுக்குள்ளேயே, சம்பளத்தோடு ஒதுக்கப்பட வேண்டும். கற்றுக்கொண்டவன் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போய்விடுவானே என்று மனிதவளத் துறையினர் சொல்வார்கள். கர்நாடக எல்லை பத்து நிமிடத் தூரம். போகிறவர் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பயிற்சி கொடுக்காததால் யாரும் தங்கிவிடவில்லை. டைட்டன் 1980களில் கைக்கடிகாரம் செய்யத் தெரிந்தவர்களை வெளியிலிருந்து கொண்டுவந்து குவிக்கவில்லை. சுற்றுவட்டார ஊர்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேடி எடுத்து, அடியிலிருந்து பயிற்சி கொடுத்தது. நுட்பமான கைவேலையைச் சொல்லிக்கொடுத்த ஊரில் அரை நிமிடம் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுப்பது ஆகாத காரியம் இல்லை.

தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் முதன்மையாகக் கல்லூரியிலும் பள்ளியிலும் இருப்பவர்களை நோக்கியது. படிப்பு முடிந்து ஆலைக்குள் போய்விட்டவர் அதன் முதல் இலக்கு அல்ல. அவருக்கும் ஒரு கதவைத் திறக்க அரசுக்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. ஓசூர் சிப்காட்டில் விருப்பமுள்ள நான்கைந்து ஆலைகள், மாவட்டத்தின் ஆங்கில ஆசிரியர்கள் சிலருக்கு மதிப்பூதியம், ஆறு மாத அவகாசம், முன்னும் பின்னும் ஒரே கேள்விகளுக்கு எடுத்த குரல் பதிவுகள், இவ்வளவு இருந்தால் போதும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் வரும் நிதியாண்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கட்டும். ஆறு மாதம் கழித்து முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் வித்தியாசம் கேட்கவில்லையென்றால் தாராளமாக நிறுத்திவிடலாம்.