ஒப்பாரியும் வசந்தனும் ஒரே பெயராகிப்போன கதை

போன வருசம் எங்கட குழுவில் ஐந்து பேர் சேர்ந்து நாட்டார் பாடல்களைப் பதிவு செய்யப் போனோம். மட்டக்களப்புப் பக்கக் கிராமங்கள். பாடத்துக்கான வேலைதான், ஆனால் போகப்போகப் பாடத்தை மறந்துவிட்டோம். இரண்டு மாதத்தில் 20 பதிவுகள் சேர்ந்தன. ஒப்பாரி நாலு, அம்மானை இரண்டு, வசந்தன் ஐந்து, கும்மி மூன்று, ஊஞ்சல் இரண்டு, தாலாட்டு மூன்று, கொம்புமுறிப் பாட்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தோம். ஒப்பாரி1, ஒப்பாரி2, வசந்தன்1 என்று. பாடலின் பெயர் தமிழில் இருக்கும்போது ஃபைலின் பெயரும் தமிழில்தானே இருக்கவேணும்.

ஒப்பாரியைப் பதிவு செய்தது லேசான காரியம் இல்லை. சாவு இல்லாத வீட்டில் சும்மா ஒப்பாரி சொல்லக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஒரு ஆச்சி மூன்று தரம் மாட்டேன் என்றவர், நாலாம் தரம் வீட்டு வளவுக்கு வெளியே வந்து, ஒரு மரத்தடியில் இருந்து பாடினார். "புள்ளையள், இத வீட்டுக்குள்ள போட்டுக் கேக்காதீங்க" என்று சொல்லித்தான் விட்டார்.

அந்த 20 பதிவுகளையும் மாணவர் வேலைகளைச் சேமித்து வைக்கும் ஒரு தளத்தில் ஏற்றினோம். எந்தத் தளம், யாருடையது என்பது இங்கே தேவையில்லை. அகரவரிசையில் ஒவ்வொன்றாகப் போனது, ஒவ்வொன்றுக்கும் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்தது. எங்கட போன்களில் இடம் இல்லாமல் பதிவுகளை அழித்தோம். அது எங்கட பிழை, ஒத்துக்கொள்கிறோம்.

மூன்று கிழமை கழித்துத் திறந்து பார்த்தால் 12 ஃபைல்தான் இருந்தது. பெயர் ஒன்றும் இல்லை. வெறும் கீழ்க்கோடு, அண்டர்ஸ்கோர் என்கிறோமே அதுதான், வரிசையாக ஏழு, கடைசியில் ஒரு இலக்கம். சிலதில் ஆறு, சிலதில் எட்டு. ஏழு கீழ்க்கோடும் 1உம் போட்ட ஃபைலைத் திறந்தால் வசந்தன் பாடுகிறது. ஒப்பாரி நாலும் இல்லை. அம்மானை இல்லை. ஊஞ்சல் இல்லை.

கணினிப் பிரிவில் படிக்கிற ஒரு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பார்த்த உடனேயே சிரித்துவிட்டார், பிறகு எங்கட முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விசயம் இதுதான். அந்தத் தளம் ஃபைலின் பெயரைச் சரிபார்க்கிறது. ஆங்கிலத்தில் ஏ முதல் இசட் வரை, பூச்சியம் முதல் ஒன்பது வரை, புள்ளி, சிறுகோடு. இவை தவிர வேறு எது வந்தாலும் அதை எடுத்துவிட்டு ஒரு கீழ்க்கோடு போடுகிறது. நாங்கள் 'ஒப்பாரி'யில் நாலு எழுத்து என்று எண்ணுவோம். கணினி எண்ணுவது வேறு மாதிரி: ஒ, ப, குற்று, ப, அரவு, ர, விசிறி. ஏழு. 'வசந்தன்' எங்களுக்கு ஐந்து எழுத்து. அதற்கு வ, ச, ந, குற்று, த, ன, குற்று. அதுவும் ஏழு. 'அம்மானை'யும் அப்படியே ஏழு. ஊஞ்சலும் கும்மியும் ஆறு ஆறு. ஆகவே அம்மானை1க்கு மேல் ஒப்பாரி1 எழுதப்பட்டது, ஒப்பாரி1க்கு மேல் வசந்தன்1 எழுதப்பட்டது. அகரவரிசையில் கடைசியாகப் போனதுதான் மிஞ்சியது. ஒவ்வொரு தரமும் பச்சை நிறத்தில் வெற்றி.

ஊஞ்சல் இரண்டும் ஒருத்தியின் பென் டிரைவில் கிடைத்தது. மற்ற ஆறும் போனதுதான்.

இதை எழுதுவது அழுது தீர்ப்பதற்கு இல்லை. ஒரு ஃபைலின் பெயரை ஒரு புரோகிராம் எப்படிச் சரிபார்க்கிறது என்பது கணினிப் பிள்ளைகளின் விசயம் என்று நாங்களும் நினைத்திருந்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. எது 'செல்லும் பெயர்', எது 'செல்லாத பெயர்' என்று ஒருவர் எங்கோ இருந்து ஒரு வரியில் எழுதிவைக்கிறார். அந்த வரிக்குள் தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை.

புரோகிராம் எழுதுகிறவர்களின் பயம் பொய்யில்லை என்பதையும் சொல்லவேணும். ஃபைலின் பெயர் என்பது பெயர் மட்டுமில்லை, அது ஒரு பாதையின் கடைசித் துண்டு. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும், அதாவது ../ என்று எழுதினால், கணினி அதை 'ஒரு படி மேலே போ' என்று விளங்கிக்கொள்ளும். ஒருவர் தன் ஃபைலின் பெயரிலேயே இப்படி நாலைந்து தரம் எழுதி அனுப்பினால், வெகுளியான புரோகிராம் அந்த ஃபைலை எங்கட ஃபோல்டரில் வைக்காமல், மேலே மேலே ஏறி, முழுத் தளத்தையும் இயக்குகிற இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடும். இது கற்பனை இல்லை. 2018இல் 'சிப் சிலிப்' என்ற பெயரில் வெளிவந்த ஓட்டை இதேதான். சிப் ஃபைலுக்குள் இருக்கும் பெயர்களில் இந்த ../ ஐ ஒளித்துவைத்தால், பிரிக்கும்போது அவை வெளியே போய் விழும். பல கணினிமொழிகளில் பலர் பாவித்த நிரல் நூலகங்களில் அந்த ஓட்டை இருந்தது.

விண்டோஸுக்கு என்று வேறு தொல்லைகள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், நட்சத்திரக்குறி ஒன்றையும் பெயரில் விடாது. கலைப்பீடத்துக்காரர் கட்டுரைத் தலைப்பில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் இல்லாமல் எழுதுவதே இல்லை, அதனால் இந்த வலி எங்களுக்கு நல்லாத் தெரியும். 'கான்', 'ஆக்ஸ்', 'நல்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், மறுக்கும். பழைய டாஸ் காலத்தில் அவை விசைப்பலகைக்கும் திரைக்கும் மற்றக் கருவிகளுக்கும் ஒதுக்கிய பெயர்கள். அந்தக் காலம் போய்விட்டது, ஒதுக்கீடு போகவில்லை.

ஆகவே சரிபார்க்கத்தான் வேணும். கேள்வி எதைச் சரிபார்ப்பது என்பது. ஆபத்தானதைத் தேடவேண்டிய இடத்தில் தெரியாததைத் தேடுகிறார்கள். குற்றும் விசிறியும் யாருடைய ஃபோல்டருக்கும் மேலே ஏறிப்போகாது.

இது ஒரு தளத்தின் கதை மட்டும் இல்லை. பைத்தனில் இணையத்தளம் கட்டுகிறவர்கள் பலர் பாவிக்கிற 'வெர்க்சொயிக்' நூலகத்தில், ஏற்றப்படும் ஃபைலின் பெயரைப் பாதுகாப்பாக்கித் தருவதற்கென்று ஒரு செயற்பாடு இருக்கிறது. 'கட்டுரை' என்று பெயர் வைத்த பிடிஎஃப் ஒன்றை அதற்குக் கொடுத்தால், தமிழ் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு வெறும் 'பிடிஎஃப்' என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் திருப்பித் தரும். 'அனுபவம்' என்றாலும் அதே மூன்று எழுத்து. பெயர் ஒன்றுமில்லாமல் வெறுமையாகவும் வரலாம், தனித்தன்மையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேணும் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறது. எழுதினவரில் பிழை இல்லை, வாசிக்காமல் பாவிக்கிறவரைத்தான் கேட்கவேணும்.

இன்னும் ஒரு வேடிக்கை. "நாங்கள் எல்லா மொழியின் எழுத்தையும் அனுமதிக்கிறோம்" என்று நல்ல மனதோடு எழுதப்பட்ட புரோகிராமும் எங்களை விழுத்தும். பைத்தனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, இதில் உள்ளது எல்லாம் எழுத்துத்தானா என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லும். த எழுத்து, ம எழுத்து, ழ எழுத்து. விசிறியும் குற்றும் எழுத்தில் சேராதாம், அவை 'குறி' என்ற வேறு வகை. ஆங்கிலக் கண்ணோடு 'எழுத்து' என்பதை வரையறுத்தால், மெய்யும் உயிர்மெய்யும் பாதி உடலோடுதான் உள்ளே போகும். 1991இல் வந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இடம் கிடைத்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் வாசலில் நிற்க விடுகிறார்கள்.

"பேரை இங்கிலிஷில போட்டா முடிஞ்சுதே, தங்கச்சி" என்று எங்களுக்குச் சொன்னார்கள். செய்து பார்த்தோம். 'தாலாட்டு' என்பதை ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினோம். ஒருவர் த-வுக்கு 'டி எச்' போட்டார், ஒருவர் வெறும் 'டி'. நெடிலுக்கு ஒருவர் இரண்டு 'ஏ', ஒருவர் ஒன்று. தேடினால் ஒருவர் வைத்தது மற்றவருக்கு அகப்படாது. வலி, வழி, வளி மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும். இதற்கு முன் எங்கட அப்பாமார் காலத்தில் பாமினியில் தட்டினார்கள். பாமினியில் 'தமிழ்' என்று தட்டி ஃபைலின் பெயராகப் போட்டால் திரையில் தெரிவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பழைய டிஸ்க்குகளில் இப்படி எத்தனையோ கிடக்கும், விசைப்பலகையை நினைவில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கவேணும். அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. இப்போது வழி இருக்கிறது, வரிதான் மாறவில்லை.

அப்போ என்னதான் செய்வது என்று அந்த அக்காவிடம் கேட்டோம். அவர் சொன்னது எங்களுக்கே விளங்கும் அளவுக்கு லேசு. ஏற்றுகிறவர் தந்த பெயரில் ஃபைலைச் சேமிக்கவே தேவையில்லை. தளம் தானே ஒரு இலக்கத்தைப் போட்டு ஃபைலை வைக்கட்டும். 'ஒப்பாரி1' என்பதைத் தரவுத்தளத்தில் ஒரு முகப்பெயராக எழுதிவைத்து, பதிவிறக்கும்போது அந்தப் பெயரோடு தரட்டும். அப்படிச் செய்தால் ../ எழுதினவரும் எங்கேயும் ஏறமுடியாது, ஒப்பாரிக்கு மேல் வசந்தனும் வந்து விழாது. தந்த பெயரிலேயேதான் வைக்கவேணும் என்றால், முழுப் பாதையையும் விரித்துப் பார்த்து, அது தனக்குரிய ஃபோல்டருக்குள்தான் நிற்கிறதா என்று கேட்கவேணும். சாய்கோடுகள், கட்டுப்பாட்டுக் குறிகள், விண்டோஸ் விடாதவை, இவற்றை மறுக்கலாம். மறுத்தால் எந்த எழுத்துப் பிழை என்று சொல்லி மறுக்கவேணும். ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிட்டு வெற்றி என்று காட்டுவதுதான் இதில் பெரிய அநியாயம்.

எல்லாவற்றையும் திறந்துவிடு என்றும் நாங்கள் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறிகள் இருக்கின்றன. ஒன்று எழுத்தின் திசையையே திருப்பிவிடும், அதைப் பெயருக்குள் வைத்து ஓடும் புரோகிராம் ஒன்றைப் படம் போலக் காட்டி ஏமாற்றலாம். அதைத் தடுக்கத்தான் வேணும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றையும் அள்ளி எறிந்தால், சிங்களத்தில் நாட்டின் பெயரில் வரும் 'ஸ்ரீ' உடைந்துவிடும். அந்த எழுத்துச் சேர்ந்து நிற்பதே நடுவில் இருக்கும் ஒரு தெரியாத இணைப்புக் குறியால்தான். இந்த நாட்டுக்கு ஒரு தளம் செய்கிறவர் இதையாவது தெரிந்திருக்கவேணும்.

தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு. மிஞ்சியவற்றைச் சேர்க்கும்போது ஒரு ஃபோல்டரில் 'கொம்புமுறி' என்று இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. ஒரே பெயர், ஒரே பாட்டு. 'கொ'வை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் அரவும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. பழைய மக் கணினிகள் பெயரைச் சேமிக்கும்போது இரண்டாகப் பிரித்தே வைத்தன, எங்களில் ஒருத்தியிடம் அண்ணாவின் பழைய மக் இருந்தது. சரிபார்க்கும் முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேணும், அதற்கு யூனிகோடிலேயே முறை இருக்கிறது. நீளமும் அப்படித்தான். லினக்ஸில் ஒரு பெயர் பொதுவாக 255 பைட் வரை போகலாம், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போகும். ஆகவே எங்களுக்கு 85 குறிகள்தான். ஆய்வுக்கட்டுரைத் தலைப்பை முழுதாகப் பெயராக வைக்கும் எங்கட பழக்கத்துக்கு அது காணாது. அதற்கு நாங்கள்தான் குறைக்கவேணும்.

தளத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. ஆச்சியிடம் திரும்பப் போய் ஒப்பாரி கேட்க எங்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.

உங்கட பீடத்திலும் இப்படி ஒரு தளம் இருந்தால், இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். மூன்று வெற்று ஃபைல் எடுத்து அம்மானை, ஒப்பாரி, வசந்தன் என்று பெயர் வையுங்கள். மூன்றையும் ஏற்றுங்கள். பிறகு உள்ளே போய் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றும் அதே பெயரில் இருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள், அந்தத் தளத்தைச் செய்தவரிடம் கேட்க நிறையக் கேள்வி இருக்கிறது. ஒன்றுதான் இருந்தால், போனில் இருப்பதை அழிக்காதீர்கள்.