72 அங்குல பெல்ட் சாணை கட்டாயம் என்னும் கருத்துக்கு மறுப்பு

கத்தி செய்யக் கற்க வருவோரிடமும் அதற்கான கருவிகளை விற்போரிடமும் ஒரு கருத்து விதியைப் போலவே நிலைபெற்றுவிட்டது. 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பெல்ட், 2 குதிரைத்திறன் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய மூன்றும் அமைந்த சாணையில்தான் நல்ல கத்தி பிறக்கும் என்பதும், அதற்குக் குறைந்த எதை வாங்கினாலும் பணம் வீண் என்பதும் அக்கருத்து. பெல்ட் சாணை என்பது, சிராய்ப்புத் துகள் ஒட்டிய துணிப் பட்டையை இரண்டு மூன்று உருளைகளின்மேல் சுற்றி ஓடவிட்டு அதில் இரும்பைத் தேய்க்கும் இயந்திரம். சீலா மீனைத் துண்டு போடும் கத்தி, கருவாட்டுக்கு மீனை வகிரும் மெல்லிய கத்தி, பனம்பாளை சீவும் அரிவாள், சீமைக் கருவேலம் வெட்டும் கனத்த அரிவாள் என இராமநாதபுரம் கரையோரத்துக்கு வேண்டியவற்றைச் செய்யும் சிறு பட்டறையோடு வைத்துப் பார்த்தால், இக்கருத்தின் பெரும்பகுதி வேறொரு தொழில்முறைக்கு உரியது என்பது புலப்படும்.

நீண்ட பெல்ட்டும் வலிய மோட்டாரும் தேவைப்படுவது, தட்டையான எஃகுப் பாளத்தை உலையில் வைக்காமலேயே தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்கும் முறைக்கே ஆகும். 200 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் கனம் உள்ள பாளத்தை முதுகிலிருந்து வாய்வரை சரிவாகத் தேய்த்தால், அதன் எடையில் பாதியான சுமார் 94 கிராம் எஃகு பொடியாகப் போகிறது. மாறாக, லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிச் சம்மட்டியால் தட்டியே சரிவை இறக்கிவிடும் கொல்லர், பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்தால், சாணை எடுக்க வேண்டியது 30 கிராமுக்கும் குறைவு. 1985இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இராமநாதபுரத்தோடு இருந்த சிவகங்கைப் பகுதியின் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர் பெற்றது பெல்ட் சாணையால் அன்று. அந்தப் பெயர் உலையாலும் சம்மட்டியாலும் அரத்தாலும் வந்தது. சம்மட்டி முடித்துவிட்ட வேலைக்காக மறுபடியும் மோட்டாருக்குச் செலவிடச் சொல்வது நியாயமாகாது.

அகலமான பெல்ட்டே எந்த வேலைக்கும் ஏற்றது என்பதும் அரிவாளின் முன் நிற்பதில்லை. அரிவாளின் வாய் உள்வளைவில் இருப்பதால், 50 மில்லிமீட்டர் அகலத் தட்டையான பரப்பில் அதை வைக்கும்போது பெல்ட்டின் இரு ஓரங்களும் வளைவை முதலில் கடித்துக் கோடு போட்டுவிடுகின்றன. மூக்கு வளையும் இடத்தில் இக்குறை இன்னும் கூடும். 25 மில்லிமீட்டர் பெல்ட்டோ சிறிய உருளையோ அந்த வளைவுக்குள் எளிதில் புகும். விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கப்படும் குறுகிய சாணைக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது.

மோட்டாரைப் பொறுத்தவரை, பெல்ட் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு குதிரைத்திறன் என்னும் வழக்கமான கணக்கும் பாளத்தைத் தேய்த்தெடுக்கும் முறைக்கு உரியதே. காய்ச்சி அடித்த கத்திக்கு, 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் 1 குதிரைத்திறன் மோட்டார் போதும். கோயம்புத்தூர்த் தயாரிப்புகளே தாராளமாகக் கிடைக்கின்றன.

வேகம் கூடக்கூட வேலை சிறக்கும் என்பதே இக்கருத்தின் மிகக் கேடான பகுதி. பெல்ட்டின் வேகம் என்பது, இழுக்கும் உருளையின் சுற்றளவை அது ஒரு நொடியில் சுற்றும் சுற்றுகளால் பெருக்கி வருவது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டாரில் பூட்டினால் நொடிக்கு 11 மீட்டரும், 2800 சுற்று மோட்டாரில் பூட்டினால் 22 மீட்டரும் வரும். அமெரிக்கச் சாணை வரைபடங்களில், 1440 சுற்று மோட்டாரின் அதே வகைக்கு 1725 சுற்று என்றிருப்பதற்குக் காரணம் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதே. இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால், அவ்வரைபடத்தை அப்படியே பின்பற்றுவோர் வேகக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். தோய்ச்சல் போட்ட, அதாவது காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கிய எஃகை, நொறுங்காமல் இருப்பதற்காக மீண்டும் சுமார் 200 பாகைக்கு இளஞ்சூடு காட்டி எடுப்பது முறை. சாணையில் வாய் அதற்கு மேல் சூடேறினால், அந்த இடம் பழுப்பாகி, 300 பாகையை நெருங்கும்போது நீலம் பாய்ந்து, கடினத்தை இழக்கிறது. பின்னால் நீலத்தைத் தேய்த்து மறைத்துவிடலாம். போன கடினத்தை மீட்க மறுபடி தோய்ச்சல்தான் போட வேண்டும். வாய் மெலிந்த மீன்கத்தியில் இது நொடிப்பொழுதில் நேர்ந்துவிடும். ஆகவே இறுதித் தேய்ப்புக்கு நொடிக்கு 5 மீட்டரோ அதற்குக் கீழோ தேவை. அதற்கு மின்னணுப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை: அடுக்கடுக்காகப் பள்ளம் வெட்டிய ஸ்டெப் புல்லியில் வி-பெல்ட்டை மாற்றிப் போட்டாலே இரண்டு மூன்று வேகங்கள் கிடைக்கும், இரும்புத்தூளும் உப்பீரமும் இந்த அமைப்பைக் கெடுப்பதும் அரிது.

விலையுயர்ந்த செராமிக் பெல்ட்டே சிறந்தது என்பது பாதி உண்மை. அதன் துகள் அழுத்தமும் வேகமும் கிடைத்தால்தான் உடைந்து புதுக்கூர் காட்டும். சிறிய மோட்டாரில் உடையாமல் மழுங்கிப் பளபளத்துப்போய், இரும்பை வெட்டாமல் சூடாக்கும். அங்கே சாதாரண அலுமினியம் ஆக்சைடு பெல்ட்டே நன்றாக வேலை செய்யும். இயந்திரத்தில் மிச்சம் பிடித்த பணத்தை, 60, 120, 240 எண்களில் பெல்ட்டுகளை மழுங்கும்முன் மாற்றும் அளவுக்கு வாங்குவதில் செலவிடுவதே தக்கது.

எதிர்த்தரப்பு சொல்வதில் சிலவற்றை மறுக்க இயலாது. நீண்ட பெல்ட் சுற்றி வருவதற்குள் ஆறுகிறது. அதிகத் துகள் இருப்பதால் அதிக நாளும் உழைக்கிறது. மலிவான இயந்திரங்கள் பலவற்றில், பெல்ட்டுக்குப் பின்னால் நின்று தாங்கும் தட்டு மெல்லிய தகடாக இருந்து, அழுத்தும்போது உள்வாங்குவதால் கத்தியின் சரிவு கோணுகிறது. இந்தக் கோணலுக்கு மருந்து 72 அங்குலம் அன்று. பெல்ட் ஓரம் விலகாமல் ஓடுகிறதா என்று வாங்கும்முன்பே ஓட்டிப் பார்த்து, பின்னர் 6 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டையான எஃகுத் தகட்டைப் பொருத்தினால் போதும். அந்தச் சோதனையில் தோற்கும் சாணை எத்தனை மலிவாயினும் வேண்டாம்.

இக்கரையில் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, உப்புக்காற்றை இயந்திரம் தாங்குமா என்பதே; அதையோ மேற்கண்ட கருத்து தொடுவதே இல்லை. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவால் நலிந்ததை அடுத்து, 2022 டிசம்பரில் அதன்மேல் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. அத்தகைய உப்புக்காற்றில், காற்றுத் துளைகள் திறந்த மோட்டாருக்குள் ஈரமும் இரும்புத்தூளும் சேர்ந்து படியும். வெளிவிசிறியால் குளிரும் முழுமூடிய மோட்டாரும், இருபுறமும் மூடிய பேரிங்கும் குதிரைத்திறனைவிட இங்கே முக்கியம். அலுமினிய உருளை எஃகு அச்சைத் தொடும் இடத்தில் கிரீஸ் இடாவிட்டால், உப்பீரம் உருளையை அரித்து அச்சோடு இறுக்கிவிடும். பெல்ட்டின் ஒட்டு ஈரத்தில் விட்டுப்போகும் என்பதால் உதிரி பெல்ட்டுகளை மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பனையோலைக் கூரையும் உலைக்கரி மூட்டையும் உள்ள பட்டறையில், பொறி பறக்கும் திசையில் ஒரு வாளித் தண்ணீர் இருப்பது அவசியம்; கத்தியை அடிக்கடி நனைத்துக் குளிர்விக்கவும் அதுவே உதவும்.