ஆசிரியரின் தனிமை நீங்கட்டும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையக ஆசிரியர்கள் வட்ஸ்அப் வழியே பயிற்சித் தாள்களை அனுப்பிக் கற்பித்தார்கள். அதே கருவி இன்று ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவும் பயன்பட வேண்டும்.

பூண்டுலோயா போன்ற தோட்டப் பகுதிகளின் சிறிய பாடசாலைகளில், ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியரே இருப்பதுண்டு. கலந்து பேச அருகில் அதே பாட ஆசிரியர் இல்லை. இரண்டிலொன்றையும் மூன்றிலொன்றையும் கூட்டி, ஐந்திலிரண்டு என்று ஒரு பிள்ளை பிழையாக எழுதியிருக்கும் கொப்பிப் பக்கத்தை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டால், ஹற்றனிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஆசிரியர், கடதாசிப் பட்டிகளை மடித்து விளக்கும் முறையை அன்று மாலையே சொல்லித்தர முடியும். இதற்குப் பஸ் ஏறிக் கருத்தரங்குக்குப் போகவேண்டியதில்லை.

ஆனால் காலை வணக்கங்களும் சுற்றறிக்கைகளும் நிறைந்த குழுக்களில் பாடம் காணாமற் போகிறது. வலயக் கல்விப் பணிமனைகள் பாடவாரியாகக் குழுக்களை ஒழுங்குபடுத்தி, ஆசிரிய ஆலோசகர்களை அவற்றில் இணைக்க வேண்டும். குழுக்களில் உருவாகும் சிறந்த பாட ஆக்கங்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையக் கற்றல் தளத்தைச் சென்றடைய வேண்டும். பிள்ளைகளின் பெயரும் முகமும் பகிரப்படக் கூடாது. டேட்டா செலவை ஆசிரியரின் சம்பளத்தில் சுமத்துவதும் நியாயமல்ல.

ஆசிரியர் தொடர்ந்து கற்றால்தான் தோட்டத்துப் பிள்ளை முன்னேறும். அதிகாரிகள் இந்த முயற்சிக்கு உடனே அங்கீகாரம் வழங்க வேண்டும்.