தள்ளாட்டம் எல்லாம் போதையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

குடிநோய் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் கல்லீரலோடு நின்றுவிடுகின்றன. மூளைக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாள்பட்ட குடியும் அரைவயிற்றுச் சாப்பாடும் சேர்ந்தால் உடலில் தயமின் எனும் வைட்டமின் பி1 குறைந்துவிடும். புத்தி குழம்பும், கண் அசைவு கெடும், நடை தள்ளாடும். 1881-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் இது. 'போதை தெளிந்தால் சரியாகிவிடும்' என்று விட்டால், 1880-களின் இறுதியில் கோர்சகாஃப் எழுதிய நிரந்தர நினைவிழப்பு மிஞ்சும்.

நர்ஸின் கண்தான் இங்கே முதல் மருந்து. சந்தேகம் வந்தால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே, தாமதித்தால் அதனுடனாவது, தயமின் ஊசி போட வேண்டும்.

நினைவிழந்தவர் வார்டில் படுத்துக்கொண்டே, "நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் வர்றேன் சிஸ்டர்" என்பார். அது பொய்யல்ல, நினைவில் விழுந்த ஓட்டையை மூளையே அடைக்கிறது. அவரிடம் வாதாடிப் பயனில்லை. கட்டில் எதிரே பெரிய எழுத்துக் காலண்டர், தவறாத சாப்பாட்டு வேளை, முடிந்தவரை அதே நர்ஸ் என்ற ஒழுங்குதான் உதவும்.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிற்பேட்டைக் குடும்பங்களுக்கும் இந்த விவரங்கள் போய்ச் சேர, ஒரு மனநல நர்ஸின் பேட்டியை உங்கள் இதழ் வெளியிட வேண்டும்.

– வாசகர், வேப்பம்பட்டு