உயரம் பத்தாதாம்ல!

பாஸ்கெட்பால் பேச்சை எடுத்தாலே எங்கிருந்தாவது ஒரு அண்ணாச்சி வந்துடறார். "நம்மாளுங்களுக்கு உயரம் பத்தாதுப்பா"ன்னு ஒரே வரியில தீர்ப்பு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் இதே கதை, நல்லாப் படிச்ச நம்ம பதிவுலக மக்கள்கிட்டயும் இதே கதை. கடுப்பா இருக்கு சாமி.

பாயிண்ட் கார்டுன்னு ஒருத்தன் இருக்கான். பந்தை எடுத்துட்டு 8 செகண்டுக்குள்ள பாதிக்கோட்டைத் தாண்டணும். 24 செகண்டுக்குள்ள தன் டீம்ல யாருக்காவது ஷாட் அமைச்சுக் கொடுக்கணும். இதுக்குக் கண்ணும் கையும்தான் முதல்ல வேணும், உயரம் அப்புறம். மக்ஸி போக்ஸ் 5 அடி 3 அங்குலம். என்பிஏவுல 14 சீசன் ஆடினார். ஏழடி பாட்ரிக் யூவிங்கோட ஷாட்டையே ஒரு தடவை தடுத்த மனுஷன்! ஜான் ஸ்டாக்டன் 6 அடி 1 அங்குலம். 1984ல சேர்ந்து 2003 வரைக்கும் ஒரே டீம், 19 சீசன், 15,806 அசிஸ்ட். இன்னிக்கு வரைக்கும் அதை எவனும் தொடலை.

இவங்களுக்குக் கிடைச்சது என்ன? ஆட்டம். ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். எதிராளி தோளை எந்தப் பக்கம் திருப்பறான்னு ஆயிரம் தடவை பார்த்தவனுக்குத்தான் ஆயிரத்தோராவது தடவை பாஸ் எங்க போகணும்னு தெரியும்.

நம்ம கதைக்கு வருவோம். யுபிஏ லீக்னு 2015ல ஆரம்பிச்சாங்க, 2017லயே மூடிட்டாங்க. 2022ல ஐஎன்பிஎல் வந்துச்சு. அதை நம்பி எவன் வீட்டுல பொண்ணு கொடுப்பான்? :-) அதனால நம்ம ஊர்ல ஆட்டக்காரனோட கேரியர்னா வேலைதான். அகிலன் பாரிக்கு இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், விசேஷ் பிருகுவன்ஷிக்கு ஓஎன்ஜிசி. 2017ல ஆஸ்திரேலியாவோட அடிலெய்ட் 36ர்ஸ் கூப்பிட்ட ஆளு இந்த விசேஷ். 2021ல பத்மஸ்ரீ வாங்கின நம்ம அனிதா பால்துரைக்கு தெற்கு ரயில்வே. "வேலைக்காகத்தானே ஆடறாங்க"ன்னு நக்கல் வேற. அந்த வேலை மட்டும் இல்லைன்னா இவங்க யாரும் முப்பது வயசு வரைக்கும் ஷூ லேஸ் கட்டியிருக்க மாட்டாங்கய்யா.

2014ல வூஹான்ல சீனாவை 65-58னு ஜெயிச்சோமே, அப்ப மட்டும் நம்ம உயரம் எப்படிப் பத்துச்சு? அவங்க இரண்டாம் டீமை அனுப்பினாங்கன்னு சொல்வீங்க. சரி, அந்த இரண்டாம் டீம்ல என்ன குள்ளனுங்களா இருந்தாங்க?

நிற்க. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் ஏறுங்க. மலைப்பசங்களுக்குப் பிறவியிலேயே ஸ்டாமினான்னு சினிமா டயலாக் எல்லாம் நான் விடப்போறதில்லை. கல்வராயன் மலையில எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் மண் தரையில டிரிபிள் பண்ணிப் பழகினவன். கல்லுல பட்டு பந்து கோணலாத்தான் எகிறும், அதனால கை அப்படி வேகம். இரண்டு கையும். ஒரு செலக்‌ஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். பந்தையே கையில கொடுக்கலை. சுவத்துல சாய்ச்சு நிக்கவெச்சு டேப்பால அளந்தாங்க, "அடுத்து"ன்னுட்டாங்க. மூணு நிமிஷம்கூட ஆகலை. திரும்பி வரும்போது பஸ்ல அவன் ஒரு வார்த்தை பேசலை. ப்ளஸ் டூ முடிச்சுட்டு இப்ப அப்பா அம்மாவோட கேரளாவுல மிளகு பறிக்கப் போயிருக்கான்.

பேங்கும் ரயில்வேயும் வேலை கொடுக்கறது ஜெயிச்ச சர்டிபிகேட்டுக்கு. சர்டிபிகேட் வேணும்னா நல்ல டீம்ல இருக்கணும். நல்ல டீமுக்குப் போகிற வாசல்லயே டேப்போட ஒரு ஆள் நின்னா மலையில இருக்கறவன் எந்த வழியா உள்ள வருவான்? சென்டருக்கு அளங்க, வேணாங்கலை. கார்டுக்குப் பத்து நிமிஷம் பந்தைக் கொடுத்துப் பாருங்க. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2019லேர்ந்து வருஷம் ஓடிட்டிருக்கு. வெள்ளிமலையில ஒரு சிமெண்ட் கோர்ட்டைப் போட்டு, மாவட்டத்துக்குள்ளேயே வருஷத்துக்கு இருபது ஆட்டம் நடத்துங்க. அதுக்கப்புறம் வந்து உயரம் பேசுங்க.

டிஸ்கி: "அந்தப் பசங்களுக்குக் கபடி போதுமே"ன்னு வரப்போற அண்ணாச்சிக்கு: அவன் கபடியும் ஆடுவான். நல்லாவே ஆடுவான்.