மர்யம் (அலை) அவர்களின் வேதனைக் குரலும் நம் வீட்டுப் பெண்களின் மௌனமும்



ஏழாம் நாள் அகீகா. கூடத்தில் உறவினர் கூட்டம். வருவோர் அனைவரும் குழந்தையின் பரக்கத்துக்காக துஆ செய்கின்றனர். உள்ளறையில் குழந்தையின் தாய் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். பிரசவத்தின்போது ஏற்பட்ட பெரும் இரத்தப்போக்கும், அவசர அறுவை சிகிச்சையும், தான் பிழைக்கப் போவதில்லை என்று எண்ணிய அந்தச் சில நிமிடங்களும் அவளை விட்டு அகலவில்லை. அதைப் பற்றி வாய் திறந்தால் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: "பிள்ளை நல்லபடியாகக் கிடைத்துவிட்டதே, அல்ஹம்துலில்லாஹ் சொல்லும்மா!"

எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்கு இவ்வாறு நிகழ்ந்தது. அடுத்த பிள்ளை பற்றிய பேச்செழும்போதெல்லாம் அவள் ஏன் எழுந்து சென்றாள் என்பது மூன்றாண்டுகள் கழிந்த பின்பே எங்களுக்குப் புரிந்தது. இறைவனுக்கு நன்றி கூறும் சொல்லைக் கொண்டே அவளுடைய வாயை நாங்கள் அடைத்திருந்தோம்.

திருக்குர்ஆனை எண்ணிப் பாருங்கள். பேரீச்ச மரத்தடியில் பேறுகால வேதனையுற்ற மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே மரித்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று கலங்கியதை 19ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஊராரின் பழிச்சொல் குறித்த அச்சமும் அக்கலக்கத்தில் இருந்தது என்பர் விரிவுரையாளர்கள். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், நீரோடையும், கனிந்த பழமும் அருளப்பட்டன. அவர்களின் ஈமானில் குறை காண நமக்குத் துணிவு வருமா? அவ்வாறாயின், நம் வீட்டுப் பெண் அழும்போது மட்டும் அதை நன்றிகெட்ட செயலாக ஏன் கருதுகிறோம்?

பிரசவித்த முதல் இரு வாரங்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது இயல்பு. ஆனால் ஒரு மாதம் கடந்தும் அந்நிகழ்வு கண்முன் திரும்பத் திரும்ப வருதல், கொடுங்கனவு, மருத்துவமனையின் வாடை பட்டாலே படபடப்பு, குழந்தையிடம் ஒட்டாத மனம் ஆகியவை நீடித்தால், அது சிகிச்சை தேவைப்படும் மனக்காயமாக இருக்கக்கூடும். தாய்மாரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் இதற்கு ஆளாவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆபத்தான பிரசவத்தைக் கடந்தோரிடம் இவ்விகிதம் மேலும் அதிகம். வெளியே நின்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட கணவரும் இதற்கு ஆளாவதுண்டு.

இத்தகையோருக்கான ஒரு வழிதான் இணையவழிக் குழுச் சிகிச்சை. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் வழிநடத்த, ஒத்த அனுபவமுடைய சிலர் வாரந்தோறும் திரையில் கூடுகின்றனர். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் அங்கே தளர்கிறது. நிஃபாஸுடைய நாட்களில், தையல் ஆறாத உடலோடு, கைக்குழந்தையைச் சுமந்து தொலைதூர நகருக்குச் செல்ல வேண்டியதில்லை. பெண்கள் மட்டுமே உள்ள குழுவைத் தேர்ந்துகொள்ளலாம். வளைகுடாவில் பணிபுரியும் கணவர், தந்தையர்க்கான குழு ஒன்றில் அங்கிருந்தே இணையலாம்.

"வீட்டு இரகசியத்தை அந்நியரிடம் பேசுவதா?" என்று பெரியோர் கேட்பர். நியாயமான கவலைதான். ஆனால் புறம் பேசுவது வேறு. நோய்க்கு மருந்து தேடுவது வேறு. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். எனினும், சபையில் பேசப்படுவது அமானிதம். ஆகவே ஒளிப்பதிவு செய்யாத, பேசியதை வெளியே கொண்டு செல்வதில்லை என்ற உறுதியுள்ள குழுவாக அது இருத்தல் வேண்டும். நடத்துபவரின் தகுதியைக் கேட்டறிவது நம் உரிமை. நடந்ததை உடனே விவரித்தாக வேண்டும் என்று எவரையும் வற்புறுத்தலாகாது. அது காயத்தை ஆழமாக்கிவிடக்கூடும்.

"ஓதினால் போதாதா?" என்பாரும் உளர். துஆ நம் ஆயுதம், அதில் ஐயமில்லை. ஆனால் நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்றே நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். உடற்காயத்துக்குத் தையலிட ஒப்புக்கொள்ளும் நாம், மனக்காயத்துக்கு மட்டும் மருந்தை மறுப்பது முறையன்று.

குழுச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் போதுமானதன்று. தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய அரசின் மனநல உதவி எண்களிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

மாமியாரும் கணவரும் செய்ய வேண்டியது சிறிய செயல்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு, அறைக்கதவைச் சாத்தி, "நீ பேசிவிட்டு வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். உள்ளே என்ன பேசினாள் என்று வினவாதீர்கள். அவள் நாவில் அல்ஹம்துலில்லாஹ் ஒருநாள் தானாகவே வரும், இன்ஷா அல்லாஹ்.

பேறுகாலத்தின் வேதனையைச் சுமக்கும் ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.